சைக்கிள் பவர் மீட்டர் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சைக்கிள் மிதிக்கும்போது நாங்கள் தரும் திறனை வாட்டில் அளப்பவை உங்கள் மீட்டர்கள். அவற்றின் பெட்டிகளின் மேல் துல்லியம் ±1%, ±1.5%, ±2% என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். அதைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். ஆனால் வாங்கிய பிறகு எங்களுக்கு வேண்டியது வேறு. ஜனவரியில் 250 வாட் காட்டிய மீட்டர், அதே உழைப்புக்கு ஜூலையிலும் 250 காட்டுமா? எப்போதும் 3% கூட்டிக் காட்டினாலும் பரவாயில்லை, அந்த 3% மாறாமல் இருந்தால் பயிற்சியைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். இதைப் பற்றிப் பெட்டியில் நான் ஒரு வரிகூடப் பார்த்ததில்லை.

பல வருடமாக முறையாகப் பயிற்சி செய்பவருக்கு ஒரு பருவத்தில் எஃப்டிபி (சுமார் ஒரு மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய அதிகபட்ச வாட்) பத்து வாட் ஏறினாலே பெரிய விஷயம். அந்தப் பத்து வாட் காலில் வந்ததா, மீட்டரில் வந்ததா என்று தெரியாவிட்டால் ஆறு மாத உழைப்பை எதை வைத்து அளப்பது? இது வெறும் சந்தேகம் இல்லை. 2017-இல் வெளிவந்த சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்றில் 9 நிறுவனங்களின் 54 மீட்டர்களை சைக்கிளில் பொருத்தி, டிரெட்மில்லின் மேல் ஓட்டிச் சோதித்தார்கள். சராசரி விலகல் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான், ஆனால் மீட்டருக்கு மீட்டர் வித்தியாசம் நீங்கள் அச்சிடும் எண்களைத் தாண்டிப் போனது.

இதில் என்னை அதிகம் வருத்துவது இடது கிராங்கில் (பெடலைத் தாங்கும் தண்டில்) மட்டும் அளந்து இரண்டால் பெருக்கும் மீட்டர்கள். விலை குறைவு, அதனால் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அதைத்தான் வாங்குகிறார்கள். 250 வாட் தரும் ஒருவருடைய இடது காலின் பங்கு 48% என்றால் மீட்டர் 240 என்று சொல்லும். சில மாதத்தில் இரண்டு காலும் சமமாகிவிட்டால் 250 காட்டும். உடம்பில் ஒரு வாட்கூட ஏறவில்லை, ஆனால் வரைபடம் ஏறியிருக்கும்! களைப்பிலும் வேகத்திலும் இந்தப் பங்கு மாறுவதால் நிலையான ஒரு திருத்தம் போட்டும் சரிசெய்ய முடியாது. இதைப் பெட்டியின் முன்பக்கத்திலேயே எழுதுங்கள்.

அப்புறம் வெப்பநிலை. மீட்டருக்குள் இருக்கும் ஸ்ட்ரெயின் கேஜ் என்ற உணரி அளப்பது உலோகத்தின் மிகச் சிறிய வளைவை, அது சூட்டுக்கும் குளிருக்கும் அசையும். இத்தாலிய ஆல்ப்ஸ் மலையின் ஸ்டெல்வியோ மாதிரி 1,800 மீட்டர் உயரம் ஏறும் பாதையில் அடிவாரத்துக்கும் உச்சிக்கும் பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரும். கிளம்பும் முன் ஜீரோ ஆஃப்செட் (பெடலில் அழுத்தம் இல்லாதபோது மீட்டர் பூஜ்யம் காட்டும்படி சரிசெய்வது) செய்தது உச்சி வரை செல்லுமா? உங்கள் மீட்டர் இதைத் தானாகச் சரிசெய்கிறது என்றால், எத்தனை டிகிரி வரை, எவ்வளவு பிசகோடு என்று வெளியிடுங்கள்.

ஜீரோ ஆஃப்செட் பூஜ்யத்தை மட்டுமே சரிசெய்யும். அளவுகோலே நீண்டுவிட்டதா என்று அதில் தெரியாது. அதற்கு எடை தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். 172.5 மி.மீ. கிராங்கைத் தரைக்கு இணையாக நிறுத்தி, பெடலில் 20 கிலோவைத் தொங்கவிட்டால் 33.8 நியூட்டன் மீட்டர் வர வேண்டும். வீட்டிலேயே செய்யலாம், ஆனால் மீட்டர் அந்த முறுக்கு விசையைக் காட்ட வேண்டும், பிசகு இருந்தால் அளவுகோலைத் திருத்தவும் விட வேண்டும். சில மீட்டர்களில் இந்த வசதி இருக்கிறது. எல்லாவற்றிலும் ஏன் இல்லை?

கடைசியாக ஒன்று. ஃபர்ம்வேர் (மீட்டருக்குள் இயங்கும் மென்பொருள்) புதுப்பிப்பால் வாட் கணக்கிடும் முறை மாறினால் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். “சிறு திருத்தங்கள்” என்று மட்டும் எழுதினால், அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள பதிவுகளை ஒப்பிட எங்களுக்கு வழியே இல்லை.

அன்புடன்,
உங்கள் எண்களை நம்பிப் பயிற்சி செய்யும் ஒருவன்