கல்வியியல் ஆய்வுக்குத் தனிப் பிரிவு

ஆசிரியருக்கு,

சிறந்த முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்த விருது பற்றிய செய்தியைப் படித்தேன். ஐந்து பிரிவுகளில் ஆண்டுக்கு 10 பேருக்கு விருது என்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால், கல்வியியலைச் சமூக அறிவியல் பிரிவுக்குள் அடக்கிவிட்டார்கள். வரலாறு, பொருளாதாரம் என எல்லாவற்றோடும் சேர்ந்து அது 2 இடங்களுக்குப் போட்டியிட வேண்டியிருக்கிறது. நான்காம் வகுப்புப் பிள்ளை கழித்தல் கணக்கில் ஏன் தடுமாறுகிறது என்று ஆராய்ந்த ஆய்வேட்டை வரலாற்று ஆய்வேட்டுக்கான அளவுகோலால் மதிப்பிடுவது எப்படிச் சரியாகும்? வகுப்பறைக்கு அது பயன்படுமா என்பதல்லவா முதல் கேள்வி!

நான் பணியாற்றிய அரசுப் பள்ளிக்குக் கல்வியியல் ஆய்வு மாணவர்கள் வினாப்படிவங்களோடு அடிக்கடி வருவார்கள். பாட நேரத்தை ஒதுக்கி, பிள்ளைகளை உட்காரவைத்து நிரப்பிக் கொடுப்போம். அப்புறம், ஆய்வில் என்ன தெரியவந்தது என்று ஒருவரும் வந்து சொன்னதில்லை. ஆகவே, கல்வியியலுக்கு விருதில் தனிப் பிரிவு வேண்டும். தகவல் தந்த பள்ளிகளுக்கு, ஆய்வின் முடிவுகளை மாநில மொழியில் பத்துப் பக்கச் சுருக்கமாக அனுப்பியிருக்க வேண்டும் என்பதையும் விண்ணப்ப நிபந்தனையாகச் சேர்க்கலாம்.

- ஓய்வுபெற்ற ஆசிரியை, தருமபுரி