சிப் போடும் வேலைக்கு இனி இரண்டு நாள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, ஹட்டனிலிருந்து வணக்கம்.

பழைய ஹொண்டா சிவிக் வண்டிகளின் கொம்பியூட்டர் பெட்டியில் சிப் போடும் வேலையை இதுவரை ஒரே நாளில் முடித்துக் கொடுத்தோம். இனி இரண்டு நாள் ஆகும். வண்டியை வாங்கி வைத்து இழுத்தடிக்கிறோம் என்று பேச்சு வருமுன் காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

1990களின் முதற்பாதியில் வந்த ஈஜி மொடலில் அந்தப் பெட்டி இடது பக்கம் கால் வைக்கும் இடத்தில், கார்ப்பெட்டுக்குப் பின்னால் இருக்கும். எஞ்சின் எத்தனை சுற்றில், எவ்வளவு காற்றழுத்தத்தில் ஓடும்போது எவ்வளவு பெற்றோல், பிளக்கில் எப்போது தீப்பொறி என்கிற வாய்ப்பாடு அதன் புரொசசருக்குள்ளேயே பதிந்து கிடக்கிறது; அழித்து எழுத முடியாது. ஆனால் பல போர்டுகளில் 28 கால் சிப் ஒன்றுக்கான இடம் காலியாக இருக்கும். ஓட்டைகளை அடைத்திருக்கும் ஈயத்தை உறிஞ்சி எடுத்து, சொக்கெட் வைத்து, பக்கத்தில் 74எச்.சி.373 என்ற சின்ன ஐசியையும் சில்லறைச் சாமான்களையும் சோல்டர் பண்ணி, ஜே1 என்று எழுதியிருக்கும் இடத்தில் கம்பித் துண்டு ஒன்றை வைத்தால், கொம்பியூட்டர் தன் வாய்ப்பாட்டை விட்டுவிட்டு நாம் எழுதிய 32 கிலோபைட் சிப்பைப் படிக்கத் தொடங்கும். அந்தக் கம்பியை வெட்டினால் பழையபடி ஆகிவிடும். சூடு கொஞ்சம் கூடினாலும் செப்புத் தடம் உரிந்து கையோடு வந்துவிடும்; முப்பது வருசப் பெட்டிகளில் கெப்பாசிட்டர் கசிந்து போர்டை அரித்திருப்பதும் உண்டு. என்றாலும் இரண்டு நாள் கேட்பது இதற்காக இல்லை.

ஆசிரியர் ஒருவரின் வண்டிக்குச் சிப் எழுதி, நுவரெலியா ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். தீப்பொறி விழும் நேரத்தை நாலு டிகிரி முன்னால் தள்ளியும் எஞ்சின் முணுமுணுக்கவில்லை. சந்தோசமாகக் கொடுத்தனுப்பினோம். கொழும்புக்குப் போய்த் திரும்புகையில், அவிசாவளை தாண்டி ஒரு லொறியை முந்த அழுத்தியிருக்கிறார். தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவது போலச் சத்தம். நொக்கிங்! சிலிண்டருக்குள் பெற்றோலும் காற்றும் தாறுமாறாகத் தானே வெடிக்கிற சத்தம் அது. அவர் காலை எடுத்துவிட்டதால் பிஸ்டன் தப்பியது.

பிழை எங்களுடையது. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தமே 81 கிலோபாஸ்கல் அளவுதான். முழுசாக மிதித்தாலும் வாய்ப்பாட்டில் காற்றழுத்தம் கூடிய கடைசிக் கட்டங்களுக்கு எஞ்சின் போகவே போகாது. அவிசாவளையில் 100. நாங்கள் ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்காத கட்டங்களுக்கும் அதே நாலு டிகிரியைப் போட்டு வைத்திருந்தோம். இங்கே மெல்லிய காற்றில் 92 பெற்றோல் தாங்கியது, கீழே தாங்கவில்லை. நாங்கள் பார்த்த 1500 சீசி எஞ்சின்களில் நொக்கிங்கைக் கண்டுபிடிக்கும் நொக் சென்சரும் கிடையாது; தட்டினால் தீப்பொறியைத் தானாகப் பின்தள்ளக் கொம்பியூட்டருக்குத் தெரியாது.

ஆகவே முதல் நாள் சோல்டர் வேலையும் இங்குள்ள ஓட்டமும். அடுத்த நாள் கினிகத்தேனை வழியாகக் கித்துள்கலைக்கு இறங்கி அவிசாவளை வரை போய், அங்கே வைத்துக் கடைசிக் கட்டங்களை எழுதுவோம். வண்டிக்காரரும் கூட வரலாம், தேத்தண்ணி எங்கள் கணக்கு.

"மலையில் இழுவை குறைகிறது, சிப் போட்டால் சரியாகுமா?" என்று கேட்கிறார்கள். ஆகாது. காற்று குறைவதை அளக்கும் சென்சர் அந்த போர்டிலேயே இருக்கிறது. பெற்றோலைக் கம்பனி வாய்ப்பாடே குறைத்துக்கொள்கிறது. இல்லாத காற்றை எந்தச் சிப்பும் கொண்டுவராது. கேம், எக்ஸோஸ்ட் என்று எஞ்சினில் ஏதாவது மாற்றியவர்களுக்குத்தான் இது உண்மையில் பிரயோசனம். கார்புரேட்டர் வண்டிக்காரர்கள் இந்தக் கதையை விட்டுவிடலாம்.

ஏற்கெனவே எங்களிடம் சிப் போட்டவர்கள் வண்டியைக் கொண்டுவாருங்கள், கூலி இல்லாமல் திருத்தித் தருகிறோம். வழக்கமாக அடிக்கும் பெற்றோலோடேயே வாருங்கள். அதுவரை கித்துள்கலைக்குக் கீழே இறங்கினால் 95 அடியுங்கள், முழுசாக மிதிக்காதீர்கள்.

இப்படிக்கு,
கராஜ் பொறுப்பாளர், ஹட்டன்