தூக்கம் வருகிறது என்று எழுதிய மகளுக்கு

அன்பு மகளுக்கு,

பக்கம் பக்கமாக வேறு எதையெல்லாமோ எழுதிவிட்டு, கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி போட்டிருந்தாய்: உன்னிடம் உளச்சிகிச்சைக்கு வருகிறவர்களில் அந்த ஒருவர் வந்து அமர்ந்தால் மட்டும் உனக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது, நீ இந்த வேலைக்கு லாயக்கில்லையோ என்று. அந்த வரிக்கு மட்டும் இப்போது பதில் எழுதுகிறேன். மற்றவை காத்திருக்கட்டும்.

முதலில் சாதாரணக் காரணங்களைப் பார்த்துவிடு. முந்தைய இரவு சரியாகத் தூங்கினாயா? அவருக்கு முன் இடைவெளியே இல்லாமல் எத்தனை பேரைப் பார்த்தாய்? அதே நேரத்தில் வேறு யார் வந்தாலும் இப்படித்தானா? இதையெல்லாம் கழித்த பிறகும் மிச்சமிருந்தால், அந்தத் தூக்கத்துக்கும் அவருக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது. தன் வாழ்க்கையை வேறு யாருடைய குறிப்பையோ வாசிப்பதுபோல் ஒப்பிக்கிறவர்கள் உண்டு. கேட்பவருக்கு உள்ளே நுழைய இடமே கிடைக்காது. சிறிது நேரத்தில் கண் சொக்கும். அவர் வீட்டிலும் எதிரே இருப்பவர்கள் இப்படித்தான் விலகிப்போகிறார்களோ என்னவோ. அல்லது அவருடைய குரலோ சாயலோ உன் பழைய நாட்களிலிருந்து ஒருவரைக் கிளப்பியிருக்கலாம். அப்படியானால் தப்பித்து ஓடப் பார்ப்பது நீதான், அவருக்கு அதில் பங்கில்லை. இரண்டும் கலந்தும் இருக்கலாம். எது என்று ஒரே அமர்வில் முடிவுகட்டாதே. "உங்கள் பேச்சு என்னைத் தூங்கவைக்கிறது" என்று அவரிடம் நேர்மையைக் காட்டிவிடவும் வேண்டாம்.

இந்த வெட்கம் உனக்கு மட்டும் வந்ததில்லை. நம் துறையே நாற்பது ஆண்டுகள் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறது. நோயாளியால் சிகிச்சையாளருக்குள் கிளம்பும் இத்தகைய உணர்ச்சிக்கு, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்ட் 1910இல் கவுன்டர்டிரான்ஸ்ஃபரன்ஸ் என்று பெயர் வைத்தபோது, மருத்துவர் தனக்குள் கண்டுபிடித்து அடக்கிவிட வேண்டிய ஒன்றாகவே அதைக் கருதினார். அறுவை மருத்துவரைப்போல் உணர்ச்சிகளை ஒதுக்கிவையுங்கள் என்று 1912இல் அறிவுரையும் சொன்னார். அவருக்கு நெருக்கமாக இருந்த ஃபெரென்சி 1932இல் மறுகோடிக்கே போய், தன்னிடம் சிகிச்சை பெற்ற பெண் தன்னைப் பகுத்தாராயவும் இடம் கொடுத்துப் பார்த்தார். அதுவும் நிலைக்கவில்லை. சிகிச்சையாளருக்குள் எழும் உணர்ச்சி, எதிரே இருப்பவரைப் புரிந்துகொள்வதற்கான முக்கியமான கருவிகளுள் ஒன்று என்று 1950இல் பவுலா ஹைமன் என்ற உளப்பகுப்பாய்வாளர் எழுதிய பிறகுதான் பலருக்கு மூச்சு வந்தது. ஆனால் அதைப் படித்துவிட்டுத் தங்களுக்குத் தோன்றியதையெல்லாம் நோயாளியின் தலையில் கட்டத் தொடங்கியவர்களும் இருந்தார்கள். அவர்களை எச்சரிக்கும் வேலையும் பின்னாளில் அவருக்கே வந்து சேர்ந்தது.

எனக்குப் பிடித்தவர், குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த வினிகாட். நோயாளிமேல் வெறுப்பு வரும், வரத்தான் செய்யும் என்று 1940களிலேயே பூசிமெழுகாமல் சொன்னவர். குறித்த நேரத்தில் அமர்வை முடிக்கிறோமே, அந்த வெறுப்பு வெளிப்படும் வழிகளில் அதுவும் ஒன்று என்றார். தாய் தன் குழந்தையை வெறுப்பதற்கான காரணங்கள் என்று நீண்ட பட்டியலே போட்டிருக்கிறார். காலையெல்லாம் அவளைப் படுத்தியெடுத்த குழந்தை, வெளியே கிளம்பியதும் முன்பின் தெரியாதவரைப் பார்த்து அழகாகச் சிரிப்பதும் அதில் அடக்கம். நீ கைக்குழந்தையாக இருந்தபோது அதைப் படித்தேன். ஒரு வரியைக்கூட அடிக்க மனம் வரவில்லை.

தூக்கமும் எரிச்சலும் எனக்குப் பெரிய கவலை தரவில்லை. அவை உறுத்தும், உறுத்துவதால் நீயே கவனித்துவிடுவாய், இப்போது கவனித்ததைப்போல. உறுத்தாமல் வருகிறவற்றைப் பற்றித்தான் எனக்குப் பயம். உன் கேள்விகளை ரசிக்கிறவர், "உங்களைப்போல் யாரும் என்னைப் புரிந்துகொண்டதில்லை" என்கிறவர் வரும்போது உனக்குத் தூக்கம் வராது. ஐம்பது நிமிட அமர்வு ஒரு மணி நேரத்தைத் தாண்டும்; அவருக்கு இன்று தேவைப்பட்டது என்று உனக்கு நீயே காரணம் சொல்லிக்கொள்வாய். அவர் வரும் நாளில் உடுத்துவதில் கொஞ்சம் கூடுதல் அக்கறை வரும். அவர் வலியைத் தொடும் கேள்வி ஒன்று நாக்கு நுனிவரை வந்து திரும்பிப்போகும், ஏனென்றால் அந்த அன்பான முகம் உன்னால் வாடுவது உனக்குப் பிடிக்காது. யாரும் புகார் சொல்லமாட்டார்கள். அவரே திருப்தியாகத்தான் இருப்பார். அவருடைய சிகிச்சை மட்டும் எப்போதோ நின்றுபோயிருக்கும். ஆகவே உன் சிகிச்சைகளைப் பற்றி நீ கலந்து பேசும் மூத்தவரான மேற்பார்வையாளரிடம் போகும்போது, சிரமம் தருகிறவர்களோடு சேர்த்து, உன் வாரத்தை இனிமையாக்குகிறவர் யார் என்பதையும் சொல். சொல்லக் கூச்சமாக இருக்கும். இருந்தாலும் சொல்.

நீ கேட்காவிட்டாலும் கண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. அமர்வில் கண் கலங்குவதில் குற்றமில்லை. பிறகு யார் யாரைத் தேற்றுகிறார்கள் என்று பார். எதிரே இருப்பவர் உனக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கிவிட்டால், அந்த நேரத்தை நீ அவரிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டாய். சிகிச்சையாளர் அந்த உறவில் உண்மையாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் 1957இல் எழுதியதைப் பிடித்துக்கொண்டு, மனத்தில் உள்ளதையெல்லாம் கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. தன் உணர்ச்சியைத் தனக்கே மறைத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் அவர் கேட்டது. அத்தனையையும் வாய்விட்டுச் சொல்லும்படி அவர் கேட்கவில்லை.

இனி உன்னைத் தூங்கவைக்கும் அந்த ஒருவர் கிளம்பியவுடன், எந்த இடத்தில் தூக்கம் வந்தது, அப்போது பேச்சு எதைப் பற்றியது என்று பெயரில்லாமல் குறித்துவை. அதை மேற்பார்வையாளரிடம் கொண்டுபோ. உன்னிடம் வரும் அந்த ஒருவர் யார், என்ன குறை என்று எனக்கு எழுதாமல் விட்டாயே, அது சரி; இனியும் எழுதாதே. உன் மேற்பார்வையாளருடைய நாற்காலியில் உட்கார எனக்கு ஆசை இருக்கிறது, அனுமதி இல்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இரவில் தூங்குகிறாயா என்பதை மட்டும் எழுது. அதைக் கேட்க எனக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

அன்புடன்,
அம்மா