குடும்பப் பெயர் அகராதி தொகுப்பவர்களுக்கு, அலுவாலியா பற்றி ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பஞ்சாபிக் குடும்பப் பெயர்களுக்கு விளக்கம் எழுதும்போது, அலுவாலியாவுக்கு எதிரே 'அஹ்லு என்ற ஊரைச் சேர்ந்தவர்' என்று போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுகிறீர்கள். அந்த வரி பொய்யில்லை. ஆனால் லாகூருக்குப் பக்கத்தில், இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் அந்தச் சின்னக் கிராமத்துக்கும், இன்று அலுவாலியா என்று கையெழுத்துப் போடுகிற குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கும் எந்த உறவும் கிடையாது. ஊர்க்காரர் என்ற கணக்கில் அது பொருந்தியது சீக்கியப் படைத்தலைவர் ஜஸ்ஸா சிங்கின் குடும்பத்துக்குத்தான்.

1718இல் பிறந்தவர் அவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, தாயோடு டெல்லி போய், குரு கோவிந்த் சிங்கின் துணைவியார் மாதா சுந்தரியின் ஆதரவில் வளர்ந்து, அப்புறம் சீக்கியத் தலைவர் நவாப் கபூர் சிங்கிடம் போர்க்கலை கற்று, 1748இல் தல் கல்சா என்ற சீக்கியக் கூட்டுப்படைக்கே தலைவரானார். 1761இல் லாகூரைப் பிடித்தார். அடுத்த ஆண்டே ஆப்கானிய மன்னர் அகமது ஷா அப்தாலியின் படை ஆயிரக்கணக்கான சீக்கியர்களைக் கொன்று குவித்தபோது உடம்பெல்லாம் காயத்தோடு தப்பினார். பஞ்சாபின் கபுர்த்தலா அரச வம்சம் அவரிடமிருந்து தொடங்குகிறது. அவருடைய மிஸலுக்கு, அதாவது படைப்பிரிவுக்கு, அலுவாலியா என்றே பெயர்.

நீங்கள் விட்டுவிடுவது இதற்கு அடுத்த பகுதியை. ஜஸ்ஸா சிங் பிறந்தது கலால் சாதியில். சாராயம் காய்ச்சி விற்பது அவர்களுடைய பரம்பரைத் தொழில் (நாம் கலால் வரி என்கிறோமே, அதே கலால்தான்). அந்தக் காலத்தில் பாரசீகத்தில் எழுதியவர்கள் சிலர் அவரை 'ஜஸ்ஸா கலால்' என்றே குறித்தார்கள், அது மரியாதைக்காகச் சொன்னதல்ல. பிறகு ஆங்கிலேயர் மதுவுக்கு உரிமம், ஏலம் என்று கொண்டுவந்தபோது பல கலால் குடும்பங்கள் பழைய தொழிலை விட்டு வியாபாரம், விவசாயம், ராணுவம், அரசு வேலை என்று நகர்ந்தன. அப்படி நகர்ந்தவர்கள் தங்கள் சாதியில் பிறந்த மாவீரனின் பெயரைத் தங்கள் பெயராக எடுத்துக்கொண்டார்கள். 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையில் ஆங்கிலேய அதிகாரி டென்சில் இபெட்சன், கபுர்த்தலா வம்சத்தால் இந்தச் சாதியின் மதிப்பு உயர்ந்ததைப் பதிவு செய்திருக்கிறார். முஸ்லிம் கலால்களில் பலர் ககேசாய் என்ற பெயருக்குப் போனார்கள்.

ராம்கடியாவும் இப்படித்தான். அமிர்தசரஸின் ராம்கட் கோட்டையால் இன்னொரு ஜஸ்ஸா சிங்குக்கு வந்த பெயர் அது, பிறகு தச்சர், கொல்லர் குடும்பங்களின் பெயரானது. அந்தக் குடும்பங்கள் கோட்டைக்குள் குடியிருந்தவை என்று யாராவது எழுதினால் ஒத்துக்கொள்வீர்களா?

மதுத் தொழிலைச் சொன்னால் அலுவாலியா குடும்பங்கள் சங்கடப்படும் என்று நினைத்து விட்டிருந்தால், எனக்கு அதில் உடன்பாடில்லை. கேவலமாகப் பார்க்கப்பட்ட மக்கள் தங்களுக்கு ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பெயரிலேயே ஊரை மதிக்கவைத்தார்கள். இதில் மறைக்க என்ன இருக்கிறது? மான்டேக் சிங் அலுவாலியாவைத் திட்டக்குழுத் துணைத் தலைவராக அறிந்த தமிழ் வாசகர்கள், அந்தப் பெயரைத் தேடி உங்கள் அகராதியைப் புரட்டினால் ஒரு கிராமத்தின் பெயர் மட்டும்தான் கிடைக்கிறது.

அடுத்த பதிப்பில் அஹ்லுவை எடுக்க வேண்டாம். அதற்குக் கீழே ஜஸ்ஸா சிங்கையும் மிஸலையும் கலால் சாதியையும் சேர்த்து, 19ஆம் நூற்றாண்டில் பெயர் பரவியதையும் எழுதுங்கள். நான்கு வரி போதும்.