எங்களுக்கு இடம் விட்டு உட்கார்ந்தவர்களுக்கு

அன்புள்ள ஏழாம் மாடி அக்காவுக்கும், இரண்டாம் மாடித் தாத்தாவுக்கும், பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் பிரிந்துபோன மற்ற எல்லோருக்கும்,

வணக்கம். நானும் என் கணவரும் ஜனவரியில் கும்பகோணத்திலிருந்து இங்கே வந்தோம். ஏப்ரல் முடியும்வரை எங்களுக்குத் தெரிந்த சிங்கப்பூர் என்பது வீடு, ரயில், தேக்கா சந்தை, முஸ்தபா கடை. மே பிறந்ததும் எனக்கு ஊர் நினைப்பு தாங்கவில்லை. அங்கே மே என்றால் பள்ளிக்கூடம் மூடி, சித்தி பிள்ளைகள் வந்து இறங்கி, மொட்டை மாடியில் வரிசையாகப் பாய் விரித்துப் படுக்கும் மாதம். இங்கே கோடை என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. வருடம் முழுக்க அதே வெயில், அதே மழை.

அக்கா, மின்தூக்கியில் உங்களிடம் இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அன்று மாலையே நீங்கள் உங்கள் வீட்டுப் பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு எங்கள் வாசலில் நின்றீர்கள். "சனிக்கிழமை பூமலைல கச்சேரி இருக்கு. டிக்கெட் கிடையாது. பாய விரிச்சு உக்காந்துக்கலாம், கிளம்புங்க."

தாவரவியல் பூங்காவை இங்குள்ள தமிழர்கள் பூமலை என்று சொல்வதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. 1859இல் தொடங்கிய தோட்டம் அது. 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தலமாகியிருக்கிறது. ஏரி நடுவே மேடை, அதில் சிங்கப்பூர் சிம்ஃபனி இசைக்குழு. நாகஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்தவள் நான். அத்தனை வயலின்களின் வில்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதைப் பார்த்து வாசிப்பைக் கேட்கவே மறந்துபோனேன். பாதியில் மழை பிடித்தது. பக்கத்தில் இருந்த சீனக் குடும்பம், ஒரு வார்த்தை பேசாமல், தங்கள் பிளாஸ்டிக் விரிப்பின் ஒரு முனையைத் தூக்கி எங்கள் தலைக்கு மேல் பிடித்தது. அவர்களுடைய சின்னப் பெண் என் மடியில் ஏறி உட்கார்ந்து தன் கறிபஃபில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். நான்கு மாதத்தில் என் மடியில் உட்கார்ந்த முதல் குழந்தை அவள். அந்த அப்பா அம்மாவுக்கு இந்த மடல் போய்ச் சேர வழியில்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பிறகு நாங்களே தேடிப்போகத் தொடங்கினோம். எஸ்பிளனேட் திறந்தவெளி அரங்கில் வார இறுதிகளில் இலவசமாக எவ்வளவோ நடக்கிறது. அங்கே படிக்கட்டில் எங்களுக்காக நகர்ந்து உட்கார்ந்த மலாய் அக்காக்களுக்கு நன்றி. 1949 முதல் இயங்கிவரும் சிஃபாஸ் என்ற இந்திய நுண்கலைக் கழகத்தைப் பற்றிச் சொல்லி, ஒரு கர்நாடகக் கச்சேரிக்கு, வர முடியாமல் போன தன் தோழியின் சீட்டை எனக்குத் தந்த மாமிக்கும் நன்றி. மாமி, அன்று தோடி ஆலாபனையில் நான் அழுததைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தீர்கள். அதற்குத் தனியாக ஒரு நன்றி.

புலாவ் உபின் தீவுப் பயணத்தைப் பற்றி என் கணவர் எழுதியிருந்தால் இன்னும் நீளமாக எழுதியிருப்பார். அடி பட்டது அவருக்குத்தான். வாடகைச் சைக்கிளில் சரளைப் பாதை இறக்கத்தில் சறுக்கி விழுந்தார். முழங்கை கிழிந்து ரத்தம். தீவின் ஈரநிலக் கரையான செக் ஜாவாவுக்குச் சற்று முன்னால் அது நடந்தது. அங்கே பார்வையாளர்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்த தொண்டூழியர் தம்பி தன் பையிலிருந்த மருந்தை எடுத்துக் கழுவிக் கட்டினார். வலி மறக்கட்டும் என்று, கடல் வற்றிய மணலில் நட்சத்திர மீனைக் காட்டிக்கொண்டே கட்டினார். அந்தக் கரை இருந்த இடத்தில் நிலமீட்புத் திட்டம் ஒன்று வரவிருந்ததும், இயற்கை ஆர்வலர்கள் விடாமல் எடுத்துச் சொன்னதால் 2001 இறுதியில் அரசு அதைத் தள்ளிவைத்ததும் அவர் சொல்லித்தான் தெரியும். திரும்பும்போது படகுத்துறையில் ஆறே பேர். பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் பம்போட் என்கிற சின்ன விசைப்படகு கிளம்பும். இல்லையென்றால் இருப்பவர்கள் மீதிப் பேருக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். கட்டுப் போட்ட கையைப் பார்த்த நான்கு சைக்கிள்காரர்கள் பன்னிரண்டு பேருக்கும் பணத்தைப் படகோட்டி அங்கிளிடம் கொடுத்துவிட்டார்கள். எங்கள் பங்கை வாங்கவே இல்லை. காயம் ஆறிவிட்டது என்று அவர்களுக்கு யாராவது சொன்னால் நிம்மதியாக இருக்கும்.

மலேசியாவின் மலாக்காவுக்கும் ஒரு நாள் போய் வந்தோம். கடற்பாலத்தில் பேருந்து இரண்டு மணி நேரம் நகரவில்லை. பின் இருக்கைப் பாட்டி எல்லோருக்கும் நெகிழிப் பையிலிருந்து ரம்புத்தான் உரித்துக் கொடுத்துக்கொண்டே வந்தார்.

இனி தாத்தாவுக்கு.

தாத்தா, உங்களைச் செயின்ட் ஜான்ஸ் தீவுக்குக் கூட்டிப்போகும்படி எங்களிடம் சொன்னீர்கள். ஆனால் உண்மையில் எங்களைக் கூட்டிப்போனது நீங்கள்தான். முதல் ஞாயிறு விடியலில் சுமத்ரா காற்று அடித்துப் பெய்த மழையில் போக முடியவில்லை. அடுத்த வாரம் மரினா சவுத் படகுத்துறையில் எங்களுக்கு முன்னதாகவே வந்து, வெள்ளைச் சட்டை போட்டு நின்றீர்கள். எழுபத்தொன்பது வயது வரை இந்த ஊரிலேயே இருந்தும் அந்தத் தீவில் நீங்கள் கால் வைத்ததில்லை என்று படகில் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை.

1936இல் உங்கள் அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலில் ஏறியவர். மேல்தளப் பயணி. நோய்த்தடுப்புக்காக அந்தத் தீவில் இறக்கிவிட்டார்களாம். 1874 முதல் அங்கே அதற்கான நிலையம் இருந்தது. துணியெல்லாம் வாங்கி ஆவியில் போட்டு, மருந்துத் தண்ணீரில் குளிக்க வைத்து, நாள் எண்ணிக்கொண்டு கிடந்தாராம். "ராத்திரி எதிர்க்கரைல வெளக்கு தெரியும்டா, அதுதான் ஊருன்னு சொல்லுவாங்க, போக விடமாட்டாங்க" என்று அவர் சொன்னதை அப்படியே சொன்னீர்கள். சொல்லிவிட்டு, கரையோர மரத்தடியில் அக்காவின் பாயை விரித்து, நகரத்துக் கட்டடங்கள் இருந்த திசையைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தீர்கள். நாங்களும் பேசவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து நாகப்பட்டினம் பஸ்ஸில் இரண்டு மணி நேரம். சின்ன வயதில் எத்தனையோ தடவை அந்தக் கடற்கரையில் நின்று விளையாடியிருக்கிறேன். அங்கே கப்பல் ஏறியவர்கள் எங்கே இறங்கினார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அதை எனக்குக் காட்டியது நீங்கள். நான் விமானத்தில் நாலு மணி நேரத்தில் வந்து இறங்கிவிட்டு, ஊர் ஞாபகம் தாங்கவில்லை என்று உங்களிடமே வந்து சொல்லியிருக்கிறேன். நீங்கள் ஒரு சொல் குறைத்துச் சொல்லவில்லை. "ஆமாம்மா, அது இருக்கும்" என்று மட்டும் சொன்னீர்கள்.

அக்கா, பாயைத் துவைத்துக் காயவைத்துவிட்டேன். ஓரத்தில் ஒரு இழை பிரிந்திருந்தது, தைத்திருக்கிறேன். தாத்தா, அன்று மரத்தடியில் உங்களை எடுத்த படம் சட்டம் போட்டு வந்துவிட்டது. இரண்டையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறோம். வீட்டில் இருங்கள்.

அன்புடன்,
ஐந்தாம் மாடிப் பெண்ணும் அவள் கணவரும்