நடந்து வேலைக்குப் போனவர்களுக்கு விழிப்புணர்வு இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் சென்னையைப் பசுமை நகரமாக்குவது பற்றி வெளியான சிறப்புக் கட்டுரையைப் படித்தேன். மின்சாரப் பேருந்து, மழைநீரை உறிஞ்சும் பூங்கா, சிறிய இடத்தில் நெருக்கமாக மரம் வளர்க்கும் மியாவாக்கி காடு எல்லாம் வேண்டியவைதான். ஆனால் பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதி மக்களிடம் சுற்றுச்சூழல் விழிப்புணர்வு இல்லாததே பெரிய தடை என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். கட்டுரையை முடிக்கும்வரை அந்த வரி மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஐயா, நாங்கள் சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் கரையில் இருந்தவர்கள். அம்மாவுக்கு எழும்பூரில் வீட்டு வேலை. நடந்தே போவார், நடந்தே வருவார். அப்பா மீன் மார்க்கெட்டில் மீன்பாடி வண்டி மிதித்தார். பெட்ரோலுக்கென்று எங்கள் வீட்டில் ஒரு ரூபாய் செலவானதில்லை. பழைய பேப்பர், பாட்டில், தகரம் எதுவும் எங்கள் தெருவில் குப்பையோடு போகாது, காயலான் கடைக்குத்தான் போகும். புகையில்லாப் பயணம், மறுசுழற்சி என்று நீங்கள் பாராட்டி எழுதும் அத்தனையும் எங்களுக்கு அன்றாடப் பிழைப்பாக இருந்தது.

கூவத்தைச் சீரமைக்கிறோம் என்று சொல்லித்தான் எங்களை எழுப்பினார்கள். அதுவும் கல்வியாண்டின் நடுவில். தம்பி அப்போது பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு வரைக்குமாவது விடுங்கள் என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டார், யாரும் கேட்கவில்லை. குடிசைகள் போய்விட்டன, கூவம் தெளிந்துவிட்டதா? நேப்பியர் பாலத்தில் நின்று பாருங்கள். நகரத்தின் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் அதில் விழுந்துகொண்டிருக்கும்வரை ஆறு எப்படித் தெளியும்? அந்தக் கழிவு முழுவதும் எங்கள் ஓலைக் குடிசைகளிலிருந்தா வந்தது?

1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கிய காலத்தில், குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தார்கள். வேலையும் பள்ளிக்கூடமும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தன. அந்த வழியை ஏன் விட்டார்கள் என்று உங்கள் கட்டுரையாளர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இன்று நாங்கள் பழைய வீட்டிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம்.

எங்கே கொண்டுவந்து வைத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தபோது சிறப்புப் பக்கமே வெளியிட்டீர்கள். அதன் தெற்கே இருப்பதுதான் பெரும்பாக்கம். சுற்றுப்புற ஏரிகள் நிரம்பினால் தண்ணீர் இந்தப் பக்கமாக வந்து சதுப்பில் இறங்கி, ஒக்கியம் மடுவு என்ற வடிகால் வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போக வேண்டும். 2015 வெள்ளத்தில் இந்தப் பகுதி மூழ்கியது. அதற்குப் பிறகும், வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி ஆற்றங்கரை மக்களை இங்கேதான் இறக்கினார்கள். 2023 மிக்ஜாம் புயலின்போது தரைத்தளத்துக்காரர்கள் மூட்டை முடிச்சுகளோடு எங்கள் மாடி நடையில் வந்து படுத்துக்கிடந்தார்கள். தண்ணீர் போகும் வழியில் எட்டு மாடி அடுக்ககங்களைக் கட்டியவர்களுக்கு விழிப்புணர்வு வேண்டாமா?

அம்மா இன்னமும் அதே எழும்பூர் வீடுகளுக்குத்தான் போகிறார். எங்கள் வீடு ஏழாவது மாடியில். லிப்ட் அடிக்கடி நின்றுவிடும். அப்போதெல்லாம் விடியலுக்கு முன்பே, ஒரு கையில் சாப்பாட்டுப் பையும் மறு கை கைப்பிடிச் சுவரிலுமாக இறங்குவார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று முழங்காலை நீவிக்கொள்வார். புகார் மனு கொடுக்கப் போன அலுவலகத்தில், "ஓசி வீடுதானே, இறங்கி ஏறினால் என்ன?" என்று கேட்டார்கள். அந்தச் சொல் ஆறுவதற்குள் உங்கள் பத்திரிகையிலும் இப்படி ஒரு வரி.

2025 ஆகஸ்டில் பெரும்பாக்கம் பணிமனையிலிருந்து மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால் அவற்றில் குளிர்சாதன வண்டிகளும் இருக்கின்றன. மகளிருக்கான கட்டணமில்லாப் பயணம் அவற்றுக்குக் கிடையாது. வீட்டு வேலைச் சம்பளத்தில் தினமும் அந்த டிக்கெட் எடுக்க முடியாது. அதனால் குளிர்சாதன வண்டி வந்தால் அம்மா ஒதுங்கி நின்று, சாதாரண வண்டிக்குக் காத்திருக்கிறார். தாமதமாகப் போனால் வீட்டுக்காரர்களிடம் பேச்சு வாங்குவதும் அவர்தான்.

சிறு வயதில் அப்பாவுக்கு நாளிதழை வாசித்துக் காட்டித்தான் நான் தமிழ் பழகினேன். அந்த உரிமையில் கேட்கிறேன். அந்தக் கட்டுரைக்காக எங்கள் குடியிருப்பில் ஒருவரிடமாவது பேசினீர்களா? அதிகாரி பேசியிருக்கிறார், கட்டடக் கலைஞர் பேசியிருக்கிறார், மின்வண்டி விற்பவர்கூடப் பேசியிருக்கிறார். எங்களைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள்.

அந்த வரிக்கு மறுப்பு வெளியிடுங்கள் என்று கேட்கவில்லை. எங்கள் குடியிருப்புக்கு அருகில் உள்ள பேருந்து நிறுத்தத்தில் கூரை இல்லை. விடியற்காலையில் எழும்பூர் பக்கம் போகச் சாதாரணக் கட்டண வண்டி கூடுதலாக ஒன்று வேண்டும். இந்த இரண்டையும் உங்கள் குறை தீர்க்கும் பகுதியில் வெளியிட்டு, உரியவர்கள் கவனத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரும்பாக்கம், சென்னை.