திக்கித் திக்கிப் பேச இடம் தந்தவர்களுக்கு நன்றி

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய அனைவருக்கும் வணக்கம்.

கடந்த செப்டம்பர் 25 அன்று, உலக மருந்தாளுநர் நாளையொட்டி எங்கள் அரசு மருத்துவமனையில் நடந்த கூட்டத்தில், பயிற்சிக்கு வந்திருந்த மாணவ மாணவியரிடம் காசநோய் மருந்துகளைப் பற்றிப் பேசும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. பேசி முடித்ததும் என்னிடம் வந்த பலர், “உங்களுக்கு எவ்வளவோ சரியாகிவிட்டதே” என்று மனமாரப் பாராட்டினார்கள். அந்த அன்புக்குத் தலைவணங்குகிறேன். ஆனாலும் உள்ளதைச் சொல்லிவிடுவதுதான் முறை. எனக்குத் திக்குவாய் சரியாகவில்லை. அன்றைக்கும் என் பெயரைச் சொல்லும்போதே திக்கியது. அரங்கில் இருந்த எல்லோரும் அதைக் கேட்டார்கள். திக்குவதை மறைக்கும் வழக்கத்தை மட்டும் நான் விட்டுவிட்டேன். அதை விடுவதற்குத் துணை நின்றவர்கள் பலர் அந்த அரங்கில் இல்லை. அவர்களுக்காகவே இந்த மடல்.

பெரியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்குத் திக்குவாய் உண்டு. சிறு குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து பேர் வரை ஏதோ ஒரு வயதில் திக்குகிறார்கள். பெரும்பாலோருக்கு அது வளர வளர விலகிவிடுகிறது. விலகாமல் தங்கிவிடுவது ஆண்களிடமே மிகுதி, ஒரு பெண்ணுக்கு நான்கு ஆண்கள் என்ற அளவில். ஆகவே என்னைப் போன்ற ஒருத்திக்குத் தன்னைப்போல் இன்னொரு பெண்ணைப் பார்க்கும் வாய்ப்பே அரிது. அதிலும், பேச்சாற்றலைக் கொண்டாடும் மண் நம்முடையது. பட்டிமன்றம் கேட்கக் கண்விழித்துக் காத்திருக்கும் ஊரில், ஆண்டுவிழாவில் பேச்சுப்போட்டிக்குத் தரும் கோப்பைக்கே கைத்தட்டல் அதிகம் கிடைக்கும் பள்ளியில், முதல் எழுத்திலேயே நின்றுவிடும் பிள்ளை தானாகவே ஓரமாகப் போய் நின்றுகொள்ளும். நானும் அப்படித்தான் நின்றேன்.

முதல் நன்றி என் அப்பாவுக்கு. வசம்பைச் சுட்டு நாக்கில் தடவியதும், கோவில் கோவிலாக நேர்ந்துகொண்டதும் எனக்குப் பயன் தரவில்லை. ஆனால் அதற்காக அவர் அலைந்த அலைச்சலில் என் மீது அவருக்கு ஒருநாளும் சலிப்பு வந்ததில்லை. அம்மாவுக்கோ நன்றியோடு ஓர் ஆறுதலும் சொல்ல வேண்டியிருக்கிறது. குழந்தையைப் பயமுறுத்தி வளர்த்ததால்தான் இப்படி ஆயிற்று என்று உறவினர்கள் அவரைக் குத்திக்காட்டியே பழகிவிட்டார்கள். பயமுறுத்தி யாருக்கும் திக்குவாய் வருவதில்லை. பல குடும்பங்களில் அது வழிவழியாக வருவதும், மூளை பேச்சை ஒழுங்குபடுத்தும் விதத்தில் அதற்கு வேர் இருப்பதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கின்றன. திக்குவாயோடு தொடர்புள்ள சில மரபணுக்களை 2010-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் அடையாளம் காட்டினார்கள். அம்மாவின் அப்பாவுக்கும் திக்கும். பாட்டு மட்டும் அவருக்குத் தங்குதடையின்றி வரும். திக்குவாய் உள்ளவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் அப்படித்தான்.

மறைத்து வாழ்வது எப்படிப்பட்டது என்பதைத் திக்காதவர்கள் அறிய வாய்ப்பில்லை. வரவிருக்கும் சொல் தடுக்கும் என்பது அதற்கு முந்தைய சொல்லிலேயே தெரிந்துவிடும். உடனே வேறொரு சொல்லைத் தேடிப் பிடித்து, வாக்கியத்தையே திருப்பிப் போட்டுத் தப்பித்துவிடலாம். ‘பால்’ வராது என்றால் காபியே போதும் என்பேன். பேருந்தில் என் நிறுத்தத்தின் பெயர் வராது என்பதால் அடுத்த நிறுத்தத்துக்குச் சீட்டு வாங்கிவிட்டுத் திரும்பி நடந்து வருவேன். கேட்பவருக்கு நான் அமைதியான பெண். உள்ளே ஒவ்வொரு வாக்கியமும் ஓட்டம்தான். தாமும் திக்குவாய் உடையவரான அமெரிக்க உளவியலாளர் ஜோசப் ஷீஹன், திக்குவாயைப் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார்: காதில் விழும் திக்கல் நீருக்கு மேலே தெரியும் சிறு பகுதி, அச்சமும் வெட்கமும் மறைப்பும் அடியில் கிடக்கும் பெரும் பகுதி.

இதை எனக்கு விளக்கியவர், மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனத்தில் படித்துவிட்டு எங்கள் பக்கத்து ஊருக்கு வந்த பேச்சுப் பயிற்சியாளர் அம்மையார். திக்காமல் பேசவைப்பதாக அவர் வாக்குத் தரவில்லை என்பதையே அவர் செய்த முதல் உதவியாக நினைக்கிறேன். வேண்டுமென்றே திக்கச் சொன்னார். கடைத்தெருவுக்கு என்னோடு வந்து, முதலில் தாமே ஒரு கடைக்காரரிடம் “ப-ப-பருப்பு” என்று கேட்டுக் காட்டிவிட்டு என்னைக் கேட்கச் சொன்னார். ஒளிந்து ஒளிந்து திக்கிய எனக்கு, விரும்பித் திக்கும்போது உதட்டில் இறுக்கம் இல்லை, மூச்சு அடைக்கவில்லை என்பது பெரும் வியப்பாக இருந்தது. அம்மா, நீங்கள் அன்று அந்தக் கடையில் எனக்காகத் திக்கினீர்களே, அதற்கு எப்படி நன்றி சொல்வேன்!

கல்லூரியில் வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித்தேர்வாளர் ஒருவரையும் மறக்க முடியாது. பதிலை எழுதித் தரட்டுமா என்று தாளைக் காட்டினேன். “வேண்டாம், நேரம் இருக்கிறது, சொல்லுங்கள்” என்று பேனாவை மூடி வைத்துவிட்டு, சொல்லை எடுத்துக் கொடுக்காமல், முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இருந்தார். ஐயா, நீங்கள் தந்த மதிப்பெண்ணைவிட அந்தக் காத்திருப்பே எனக்குப் பெரிது.

இந்த வேலை எனக்கு வாய்த்ததும் ஒரு கொடைதான். மற்ற சொற்களை மாற்றலாம். மருந்தின் பெயரை மாற்ற முடியாது. மெட்ஃபார்மினுக்கு வேறு பெயரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் கொடுக்கும்போது, சிறுநீர் ஆரஞ்சு கலந்த சிவப்பாகப் போகும், அது மருந்தின் நிறம், பயப்பட வேண்டாம் என்று சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால், வீட்டில் அதைப் பார்த்த நோயாளி ரத்தம் போகிறதென்று நடுங்கி மாத்திரையை நிறுத்திவிடுவார். குறைந்தது ஆறு மாதம் விடாமல் எடுக்க வேண்டிய மருந்து அது. இடையில் நின்றால் நோய் மீண்டும் தலைதூக்கும், மருந்துக்கு அடங்காத காசநோயாகவும் மாறக்கூடும். என் வெட்கத்தைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொருவரின் உயிரோடு விளையாட எனக்கு உரிமை இல்லை என்பது, மருந்து கொடுக்கும் சன்னலுக்குப் பின்னால் நின்றபோதுதான் உறைத்தது. அன்றிலிருந்து, “எனக்குப் பேச்சு திக்கும், நான் சொல்லி முடிக்கிறவரை நில்லுங்கள்” என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்படி நின்றவர்கள் அத்தனை பேருக்கும் நன்றி. காலை பத்து மணிக்கு வரிசை வாசலைத் தாண்டி நீளும் இடத்தில், பேருந்தைப் பிடிக்க வேண்டிய அவசரத்தில், ஒரு கையில் சீட்டும் மறுகையில் துணிப்பையுமாக நின்றுகொண்டு, “மெதுவாச் சொல்லு தாயி” என்றீர்கள். சிரித்தவர்களும் உண்டு; உண்மைதான். ஆனால் சிரித்தவரை முறைத்து அடக்கியவர்கள் வரிசையில் எப்போதும் இருந்தார்கள்.

என் அத்தை, கணவரின் தாயார், படிக்காதவர். பெண் பார்க்க வந்த நாளில், பிள்ளைக்குத் திக்கும் என்பதை இப்போது சொல்ல வேண்டாம் என்று என் உறவினர்கள் தடுத்ததையும் மீறி நானே அவரிடம் சொன்னேன். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. நடுவில் பேச வாயெடுத்த ஒருவரை, “அவ சொல்லி முடிக்கட்டும், யாரும் குறுக்க பேசாதீங்க” என்று நிறுத்தினார். இன்றும் எங்கள் வீட்டில் அதுவே சட்டம். அத்தை, உங்கள் வீட்டில் நான் ஒரு வாக்கியத்தையும் பாதியில் விழுங்கியதில்லை.

எங்கள் தலைமை மருந்தாளுநருக்கும் ஒரு சொல். கூட்டத்தில் பேச என் பெயரை எழுதும்போது, “உங்களால் முடியுமா” என்று நீங்கள் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் வேண்டும் என்று மட்டும் கேட்டு, மற்றவர்களுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கிய பட்டியலில் எனக்கு இருபது நிமிடம் எழுதினீர்கள். அந்த இருபது நிமிடமும் தேவைப்பட்டது. ரிஃபாம்பிசினைப் பற்றிச் சொல்ல வேண்டியதை ஒன்றுவிடாமல் சொன்னேன். புதிதாகச் சிகிச்சை தொடங்கும் காசநோயாளிகளுக்கு மருந்து விளக்கம் சொல்லும் பணியையும் இந்த மாதம் எனக்கே ஒதுக்கியிருக்கிறீர்கள். ஒருவருக்கு இருபது நிமிடம் என்று குறித்திருப்பதைப் பார்த்தேன். மிக்க நன்றி, ஐயா.

என்றும் நன்றியுடன்,
அரசு மருத்துவமனை மருந்தாளுநர் ஒருத்தி